முன்னே ஒரு பல், பின்னே மூன்று பல்

“ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்” என்பது நம்மவர் வாயில் வழங்கும் பழமொழி. எதிலும் உறுதியாக ஊன்றி நில்லாதவனைக் குறித்து எழுந்த வசைமொழி அது. ஆயினும், தார் வீதியிலும் ஓடவேண்டும், கல்லும் மணலும் சேறும் நிறைந்த காட்டுப் பாதையிலும் ஏறவேண்டும் என்னும் நோக்கத்தோடு ஆக்கப்பெற்ற ஒருவகை மோட்டார் சைக்கிளுக்கு இப்பழமொழி வசையன்று. அதுவே அதன் தொழில். உயர்ந்த உடலும், நீண்ட துள்ளுதாங்கிகளும், கட்டை கட்டையான பிடிப்புகளையுடைய ரயர்களும் கொண்ட இவ்வண்டிகளை வன்னிப் பக்கத்துக் குளக்கட்டுகளிலும் மலைநாட்டுத் தோட்டத் தெருக்களிலும் நேயர்கள் கண்டிருப்பீர்கள்.

இத்தகைய வண்டியை வாங்கிய இளைஞர் சில மாதங்களுக்குள் கேட்கத் தொடங்கும் வினா ஒன்றுண்டு. “சேர், முன் ஸ்ப்ரொக்கெட்டில் எத்தனை பல் போடலாம்? பின்னுக்கு எத்தனை பல் நல்லது?” என்பதே அது. கடைகளில் ஸ்ப்ரொக்கெட் என்று கேட்டு வாங்கும் அப்பொருளையே நாம் இங்கு பற்சில்லு என்று கூறுவோம். வினா சிறிது, வாங்கும் பொருளின் விலையும் வண்டியின் விலையோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறிது. ஆனால் விடை பிழைத்தாற் கருகிப்போவது கிளச்சுத் தட்டு. சரிவான பாதையில் வண்டி நின்று சரியுமாயின் முறிவது ஓட்டியின் காலெலும்பு. ஆதலின் இவ்வினாவைச் சற்று ஆறுதலாக ஆராய்வது தகும்.

துவிச்சக்கர வண்டி கற்பிக்கும் பாடம்

முதலில் எல்லார் வீட்டிலும் உள்ள துவிச்சக்கர வண்டியை நோக்குவோம். மிதிகட்டையோடு இணைந்த பற்சில்லில் 48 பற்களும், பின்சில்லோடு இணைந்ததில் 16 பற்களும் உள்ளன என வைத்துக்கொள்வோம். மிதிகட்டை ஒருமுறை சுழலுங்கால் சங்கிலியின் 48 கண்ணிகள் நகர்கின்றன. அதனாற் பின்சில்லு மூன்று முறை சுழல்கிறது. சில்லின் விட்டம் 28 அங்குலமாயின் அதன் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீற்றர். எனவே மிதிகட்டையின் ஒரு சுழற்சிக்கு வண்டி ஏறத்தாழ ஆறேமுக்கால் மீற்றர் தூரம் முன்னேறுகிறது.

சங்கிலி வருமுன் இது இயலாத செயலாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஓடிய உயர்சில்லு வண்டிகளில் மிதிகட்டை முன்சில்லின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தது. மிதி ஒருமுறை சுழன்றாற் சில்லும் ஒருமுறையே சுழலும். விரைந்து செல்ல விரும்பினோர் சில்லையே பெரிதாக்க வேண்டியிருந்தது. சில்லின் பருமனுக்கோ ஓட்டுபவரின் கால்நீளம் எல்லையாயிற்று. நாம் மேலே கூறிய சாதாரண வண்டிக்கு நிகராக ஓடவேண்டுமாயின் அன்றைய வண்டிக்கு 84 அங்குல விட்டமுள்ள, அதாவது ஏழடி உயரமான சில்லு வேண்டியிருந்திருக்கும். அத்தகைய சில்லின்மேல் அமர்ந்து மிதிக்கும் கால் எவருக்குண்டு? சுவிற்சர்லாந்திற் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிற் தொழில் நடத்திய ஹான்ஸ் ரெனோல்ட் என்பார் 1880இல் உருளைச் சங்கிலியை ஆக்கினார். 1885இல் ஜோன் கெம்ப் ஸ்ராளி என்பார் தம் ரோவர் வண்டியிற் சங்கிலியாற் பின்சில்லை ஓட்டினார். அன்று தொட்டு வேகத்தை முடிவுசெய்யும் பொறுப்புச் சில்லின் பருமனிலிருந்து பற்களின் எண்ணிக்கைக்கு மாறிற்று.

மோட்டார் சைக்கிளிலும் இதே சங்கிலிதான். ஆனால் முறை தலைகீழானது. துவிச்சக்கர வண்டியிற் பெரிய பற்சில்லு முன்னே, சிறியது பின்னே. மோட்டார் சைக்கிளிற் சிறியது முன்னே, பெரியது பின்னே. காரணம் வெளிப்படை. மனிதனின் கால் மெதுவாகச் சுழல்வது, ஆனால் பலமாக அழுத்துவது. இயந்திரமோ நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை சுழல்வது. ஒவ்வொரு சுழற்சியிலும் அது தரும் திருப்பம் சிறிது. ஆகவே இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்து, அவ்வாறு குறைத்த அளவுக்கு இழுவிசையைக் கூட்டிச் சில்லுக்கு அளிப்பதே பற்களின் வேலை. வகுப்பில் நாம் படிக்கும் வேக விகிதமும் பொறிமுறை நயமும் இவையே. வலு என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. பற்சில்லை மாற்றுவதால் இயந்திரத்தின் வலு ஒரு சிறிதும் கூடுவதில்லை. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குகிறோம், அவ்வளவே. “பல்லை மாற்றினேன், வண்டிக்குப் பலம் கூடிவிட்டது” என்று கூறுவோர் கணக்கின் ஒரு பக்கத்தை மாத்திரம் வாசித்தவராவர்.

ஒரு வண்டியைக் கொண்டு கணக்கிடுவோம்

இயந்திரத்துக்கும் சில்லுக்கும் இடையில் வேகம் மூன்று இடங்களிற் குறைக்கப்படுகிறது. இயந்திரத்திலிருந்து கிளச்சுக்குச் செல்லும் பற்கள் முதலாவது. கியர்ப் பெட்டி இரண்டாவது. சங்கிலியும் பற்சில்லுகளும் மூன்றாவது. முதலிரண்டும் உலோகப் பெட்டியினுள்ளே அடைபட்டவை. நாம் தொடுவதற்கு எளிதானவை அல்ல. மூன்றாவது ஒன்றே வெளியில் உள்ளது. அதனாலேயே அதனை மாற்றும் ஆசை எல்லார்க்கும் எழுகிறது.

எடுத்துக்காட்டாக, சுசுக்கி நிறுவனத்தார் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட டீ.ஆர்.-ஸெட் 400 எஸ் என்னும் வண்டியைக் கொள்வோம். வீதியிலும் காட்டிலும் ஓட்டுவதற்கென அமைந்த இதன் கொள்ளளவு 398 கன சென்றிமீற்றர், கியர்கள் ஐந்து. ஆலையிலிருந்து வரும்போது முன்னே 15 பற்கள், பின்னே 44 பற்கள். 44ஐ 15ஆல் வகுத்தால் 2.93 வரும். அதாவது முன்சில்லு 2.93 முறை சுழன்றாற் பின்சில்லு ஒருமுறை சுழலும். இந்த எண் கூடினால் வண்டி மெதுவாகவும் பலமாகவும் இழுக்கும். அதனை மெதுநடை விகிதம் என்போம். எண் குறைந்தால் வண்டி அதே சுழற்சிக்கு வேகமாக ஓடும். அதனை விரைநடை விகிதம் என்போம்.

முன்னே ஒரு பல்லைக் குறைத்து 14 ஆக்கினால், 44ஐ 14ஆல் வகுக்க 3.14 வருகிறது. இது நூற்றுக்கு 7 பங்கு மெதுநடை. முன்னே தொடாது பின்னே மூன்று பற்களைக் கூட்டி 47 ஆக்கினால், 47ஐ 15ஆல் வகுக்க 3.13. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே! இக்கட்டுரைக்கு இட்ட தலைப்பின் பொருள் இதுவே. இவ்வகை வண்டிகளில் முன்னே ஒரு பல்லைக் குறைப்பதும் பின்னே மூன்று பற்களைக் கூட்டுவதும் ஏறத்தாழச் சமம். இரண்டையும் ஒருங்கே செய்து 14க்கு 47 என அமைத்தால் விகிதம் 3.36, அது ஆலை அளவினும் நூற்றுக்கு 14½ பங்கு மெதுநடை.

இம்மாற்றம் பயணத்தில் எவ்வாறு உணரப்படும்? மேல் கியரில் ஒரு குறித்த வேகத்தில் இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 முறை சுழல்கிறது என வைத்துக்கொள்வோம். 14க்கு 44 என மாற்றினால் அதே வேகத்துக்கு ஏறத்தாழ 5,360 சுழற்சி வேண்டும். 14க்கு 47 ஆயின் 5,720. முதற் கியரிலோ கணக்கு மறுபுறமாக நமக்குச் சாதகமாகிறது. கிளச்சை அழுத்தாது, இயந்திரம் நின்றுவிடாது செல்லத்தக்க மிகக் குறைந்த வேகம் மணிக்கு 12 கிலோமீற்றர் என்றிருந்தால், முதல் மாற்றத்தால் அது 11.2 ஆகும், இரண்டாவது மாற்றத்தால் 10.5 ஆகும். “ஒன்றரைக் கிலோமீற்றர் வேறுபாட்டினால் என்ன பயன்?” என்று நேயர்கள் கேட்கக்கூடும். அதற்கு விடை சிறிது பின்னர் வரும்.

இவ்விடத்தில் மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை. ஒருவர் வண்டியின் பற்களின் எண்ணிக்கையை மற்றொருவர் வண்டியோடு அப்படியே ஒப்பிடலாகாது. யமஹா டபிள்யூ.ஆர். 250 ஆர் வண்டிக்கு 13க்கு 43, ஹொண்டா சீ.ஆர்.எவ். 250 எல் வண்டிக்கு 14க்கு 40. கியர்ப் பெட்டியினுள் உள்ள பற்கள் வண்டிக்கு வண்டி வேறு. வெளியே தெரியும் இரு எண்களை மாத்திரம் கொண்டு “அது விரைநடை, இது மெதுநடை” என்று தீர்ப்புச் சொல்வது, முழுக் கணக்கையும் பாராது கடைசி வரியைப் பார்த்துப் புள்ளி இடுவது போன்றது.

சில்லின் பருமனும் கணக்கிற் சேர வேண்டும். இதற்கு அழகான சான்று ஒன்றுண்டு. மேற்கூறிய சுசுக்கி வண்டியையே தார் வீதிக்கெனச் சிறிய சில்லுகளோடு எஸ்.எம். என்னும் பெயரில் அந்நிறுவனத்தார் வெளியிட்டனர். அதிற் பின்னே 44 பற்களுக்குப் பதிலாக 41 பற்களே உள்ளன. “வீதி வண்டியாதலால் வேகத்துக்காகப் பல்லைக் குறைத்தனர்” என்றே எவரும் எண்ணுவர். ரயர் அளவைக் கொண்டு கணித்துப் பாருங்கள். முதல் வண்டியின் பின் ரயர் 18 அங்குல வளையத்தில் 120/90. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 673 மில்லிமீற்றர். எஸ்.எம். வண்டியின் பின் ரயர் 17 அங்குல வளையத்தில் 140/70; வெளிவிட்டம் ஏறத்தாழ 628 மில்லிமீற்றர். சில்லு சிறுத்த அளவுக்கே பற்களும் குறைக்கப்பட்டுள்ளன. முடிவில் இரு வண்டிகளும் இயந்திரத்தின் ஒரு சுழற்சிக்குச் செல்லும் தூரம் ஏறக்குறைய ஒன்றே. பல்லை எண்ணியவர் வேறுபாட்டைக் கண்டார். சில்லையும் அளந்தவர் ஒற்றுமையைக் கண்டார்.

எந்த இடத்தைக் கொண்டு தேர்வது?

இனி வினாவின் உயிர்நிலைக்கு வருவோம். பற்சில்லைத் தேர்ந்தெடுக்க முயலும் இளைஞர் பெரும்பாலும் தம் வண்டி எவ்வளவு வேகமாக ஓடும் என்பதையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அது பொருந்தாத அளவுகோல். வீதியிலும் காட்டிலும் ஓடும் வண்டிக்குப் பற்சில்லைத் தேர்வதற்கு உரிய இடம், அவ்வண்டி மிக மெதுவாகச் செல்ல வேண்டிய இடமே என்பது என் துணிபு. அதற்குக் காரணமும் கூறுவேன்.

வீதியில் விகிதம் சிறிது பிழைத்தால் விளைவது அசௌகரியம். இயந்திரம் சற்றுக் கூடுதலாக இரையும். கைகள் அதிர்வால் மரத்துப்போகும். பெற்றோல் சிறிது கூடுதலாகச் செலவாகும். ஓட்டியவர் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் இவை யாவும் தணியும். காட்டுப் பாதையில் விகிதம் பிழைத்தால் விளைவது வேறு. வண்டில் தடங்கள் ஆழப் பதிந்த ஏற்றமான ஒரு பாதையை மனத்திற் கொள்ளுங்கள். உருண்டோடும் சிறுகற்கள், நடுவே ஒரு மரவேர், திருப்பம் கூர்மையானது. அவ்விடத்தில் மனிதன் நடக்கும் வேகத்துக்கு, அதாவது மணிக்கு ஐந்தாறு கிலோமீற்றருக்கு மேற் செல்ல இயலாது. முதற் கியரே 12 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்குமாயின், எஞ்சிய வேகத்தைக் கிளச்சைப் பாதி அழுத்தி வழுக்கவிட்டே தணிக்க வேண்டும். அவ்வாறு வழுக்கும் ஒவ்வொரு கணமும் உராய்வினால் வெப்பம் பிறக்கிறது. தட்டுகள் தேய்கின்றன, எண்ணெய் கொதிக்கிறது, ஓட்டுபவரின் இடக்கை தளர்கிறது. தளர்ந்த கை ஒருமுறை கிளச்சைச் சட்டென விட்டால் இயந்திரம் நின்றுபோகும், அல்லது வண்டி முன்னே துள்ளும். ஏற்றத்தில் நின்ற வண்டி பின்னோக்கி உருளும். உயரமான வண்டியாதலாற் கால் நிலத்தை எட்டாது. இவ்வகை ஓட்டத்தில் நிகழும் விழுகைகளிற் பல வேகத்தினால் நிகழ்வனவல்ல. வேகம் போதாமையால் நிகழ்வன.

இப்பொழுது முன்னர் கேட்ட வினாவுக்கு விடை கிடைக்கிறது. 12 என்பது 10.5 ஆகும்போது கிளச்சு வழுக்கித் தணிக்க வேண்டிய இடைவெளி சுருங்குகிறது. அதனோடு சில்லின் இழுவிசை நூற்றுக்கு 14½ பங்கு கூடுகிறது. இயந்திரம் நின்றுபோகும் எல்லையிலிருந்து ஓட்டுபவர் இன்னும் ஓரடி தள்ளி நிற்கிறார். எண்ணிற் சிறியதாகத் தோன்றும் இவ்வேறுபாடே, காலை ஊன்றாமல் ஏறுவதற்கும் ஊன்றி விழுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடாக அமையக்கூடும்.

இறக்கத்திலும் இந்நன்மை உண்டு. ஈரமான களிமண் சரிவிற் பின் பிரேக்கை அழுத்தினாற் சில்லு இறுகிச் சறுக்கும். அங்கே இயந்திரத்தின் தடையே நல்ல பிரேக்கு. முதற் கியரிற் கிளச்சை விட்டு, இயந்திரம் வண்டியைப் பிடித்துவைக்க, மெதுவாக இறங்குதலே பாதுகாப்பான முறை. விகிதம் மெதுநடையாக இருந்தால் இப்பிடி வலுக்கும். விரைநடையாக இருந்தால் முதற் கியரிலும் வண்டி ஓடிவிடும்.

அப்படியாயின் எல்லோரும் இயன்ற அளவு மெதுநடை விகிதமே போட்டுவிடலாமே எனின், அதுவும் அறிவுடைமை ஆகாது. வாரத்தில் ஆறு நாள் ஏ-9 வீதியில் வேலைக்குச் சென்று, ஒரு நாள் மாத்திரம் குளக்கட்டிற் செல்பவர், அந்த ஒரு நாளுக்காக ஆறு நாளும் இயந்திரத்தை வருத்துதல் முறையன்று. ஐந்து கியர்களே உள்ள வண்டியில் இவ்வருத்தம் எளிதில் உணரப்படும். ஆறு கியர்கள் உள்ள வண்டியில், அவற்றின் விகிதங்கள் அகல விரிந்திருக்குமாயின், முதற் கியர் மெதுவாகவும் ஆறாவது கியர் வேகமாகவும் அமைய இடமுண்டு. இரண்டிடத்துக்கும் முற்றாகப் பொருந்தும் பற்சில்லு உலகில் இல்லை. உள்ளது, எந்த இடத்தில் எவ்வளவு குறையைப் பொறுத்துக்கொள்வது என்னும் தீர்மானமே.

தீர்மானத்துக்கு ஒரு வழி

ஒரு குறிப்புப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் வரை நாள்தோறும் தார் வீதியில் ஓடிய கிலோமீற்றரையும், மண்பாதையில் ஓடியதையும் தனித்தனியே எழுதுங்கள். மண்பாதையிற் கிளச்சை வழுக்கவிட நேர்ந்த இடங்களையும், இயந்திரம் நின்றுபோன இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இதற்கு நேர்மை வேண்டும். நாம் செல்ல விரும்பும் இடங்கள் வேறு, உண்மையிற் செல்லும் இடங்கள் வேறு. காட்டுக்குப் போவேன் என்று வண்டி வாங்கிப் பட்டினத்திலேயே ஓட்டித் திரிவோர் பலர். மாத முடிவில் அப்புத்தகமே விடை சொல்லும்.

மண்பாதையிற் கிளச்சுக்கு வேலையே இல்லையெனின், ஆலையார் தந்த பற்களை மாற்றவேண்டாம். இடையிடையே வேலை உண்டு எனின், முன்னே ஒரு பல்லைக் குறைத்துப் பாருங்கள். முன் பற்சில்லு சிறியது. விலையிலும் பின்னதைவிடக் குறைந்தது. பழகிய கைக்கு மாற்றுவதும் கடினமன்று. வழக்கமான 15 பல்லையும் 14 பல்லையும் இரண்டாக வைத்துக்கொண்டு, நெடும்பயணத்துக்கு ஒன்றும் காட்டுப் பாதைக்கு மற்றொன்றுமாக மாற்றி ஓட்டுவோரும் உண்டு. இவ்வளவும் செய்து பார்த்தபின் இன்னும் போதாது என்று கண்டால் மாத்திரமே பின்சில்லைத் தொடவேண்டும். ஒரே தடவையில் முன்னும் பின்னும் மாற்றிவிட்டால் எது பயன் தந்தது என்று அறிய முடியாது. பரிசோதனையில் ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றவேண்டும் என்று ஆய்வுகூடத்தில் நாம் கற்பிப்பதும் இதுவே அன்றோ?

சங்கிலியின் நீளத்தையும் கருத வேண்டும். இவ்வகை வண்டிகள் பலவற்றில் உள்ள 520 என்னும் சங்கிலியின் ஒரு கண்ணியின் அளவு 15.875 மில்லிமீற்றர். முன்னே ஒரு பல் குறைந்தாற் பின் அச்சை ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் பின்னுக்கு இழுக்க வேண்டும். பின்னே மூன்று பல் கூடினால் அச்சு ஏறத்தாழ 12 மில்லிமீற்றர் முன்னுக்கு வரும். அதற்கு இடமில்லையாயின் நீண்ட சங்கிலி வாங்க வேண்டும். இச்செலவையும் முன்கூட்டியே கணக்கிற் சேர்த்துக்கொள்ளுதல் நன்று.

முன்சில்லை மிகச் சிறிதாக்குவதிலும் தீங்குண்டு. பற்சில்லு என்பது உண்மையில் வட்டமன்று. பல பக்கங்களையுடைய பல்கோணி. சங்கிலி அதன்மேல் ஏறியிறங்கும்போது வேகம் சிறிது கூடியும் குறைந்தும் துடிக்கிறது. 15 பற்களுள்ள சில்லில் இத்துடிப்பு நூற்றுக்கு 2.2, 13 பற்களுள்ளதில் 2.9. கண்ணிகளும் கூடுதலாக மடங்குவதால் ஊசிகள் விரைந்து தேயும். சங்கிலி பின்கவையின் முன்புறத்தோடு நெருங்கி, அங்குள்ள இறப்பர்க் காப்பை அராவும். எனவே மிகவும் மெதுநடை விகிதம் வேண்டுவோர் 13க்கு 44 போடுவதிலும் 14க்கு 47 போடுவதே மேல். விகிதம் ஏறக்குறைய ஒன்றே, தேய்வு குறைவு.

வேகமானி பற்றியும் ஒரு சொல். அது முன்சில்லிலிருந்து இயங்குமாயின் பற்சில்லை மாற்றுவதால் அதன் கணக்குப் பிழையாது. கியர்ப் பெட்டியிலிருந்து இயங்குமாயின் மெதுநடை விகிதத்தில் அது உண்மையிலும் கூடிய வேகத்தைக் காட்டும். ஓடிய தூரத்தையும் கூட்டிச் சொல்லும். எண்ணெய் மாற்றும் தவணையைத் தூரங்கொண்டு கணிப்போர் இதனை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கைக்கும் காலுக்கும் காவல்

இப்பகுதியை வீட்டுப் பெரியோரும் வாசித்தல் வேண்டும். தேய்ந்த சங்கிலியைப் புதிய பற்சில்லில் மாட்டுவதும், புதிய சங்கிலியைத் தேய்ந்த பற்சில்லில் மாட்டுவதும் சிக்கனம் போலத் தோன்றும் வீண்செலவு. ஒன்று மற்றொன்றை விரைவில் தின்றுவிடும். புதிய 520 சங்கிலியின் 20 கண்ணிகளை இழுத்துப்பிடித்து அளந்தால் 317.5 மில்லிமீற்றர் இருக்கும். அது 2 மில்லிமீற்றர் அளவு நீண்டுவிட்டாற் சங்கிலிக்கு விடைகொடுக்கும் காலம் வந்துவிட்டது என்று கொள்க. அப்போது இரு பற்சில்லுகளையும் சேர்த்து மாற்றுவதே முறை. விகிதத்தை மாற்ற விரும்புவோர்க்கும் செலவின்றி வாய்க்கும் தருணம் அதுவே.

சங்கிலியை இறுக்கிவிட்டால் நல்லது என்னும் எண்ணமும் பிழையானது. துள்ளுதாங்கி நீண்ட இவ்வண்டிகளிற் சில்லு மேலெழும்பும்போது சங்கிலி தானே இறுகும். நிற்கும்போதே இறுக்கமாக இருந்தால், பள்ளத்தில் விழுந்து எழும்பும் வேளையிற் சங்கிலியோ, கியர்ப் பெட்டியின் தாங்கியோ பழுதுபடும். கைந்நூலிற் கூறிய தளர்வை விடுதல் வேண்டும். முன்சில்லைப் பூட்டும் சுரைக்கு மடித்துவைக்கும் தகடு இருந்தால், ஒவ்வொரு முறையும் அதனை ஒழுங்காக மடித்துவிட வேண்டும். சுரை கழன்று சில்லு வெளியேறினாற் சங்கிலி சுருண்டு இயந்திரத்தின் ஓட்டையே உடைத்துவிடும். ஓடும் வண்டியிற் பின்சில்லு இறுகிப்போனால் ஓட்டுபவரின் கதி சொல்லவும் வேண்டுமோ?

எல்லாவற்றிலும் மேலானது விரல். வண்டியைத் தாங்கியில் நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, சுழலும் சங்கிலியைத் துணியாற் துடைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. துணி பல்லில் அகப்பட்டால் அடுத்த கணம் விரலும் அகப்படும். கையை இழுத்துக்கொள்ள நேரம் கிடையாது. சங்கிலியைத் துடைப்பதும் எண்ணெய் இடுவதும் இயந்திரம் நின்றபின், சில்லைக் கையால் உருட்டியே செய்ய வேண்டும். வீட்டிற் சிறுவர் இருப்பின் அவர்களை அண்ட விடலாகாது. முற்றத்தில் இளைஞர் வண்டி திருத்தும் வேளையில் தாய்மார் ஒருகால் எட்டிப்பார்த்து, “இயந்திரத்தை நிற்பாட்டினாயா?” என்று கேட்பது தொல்லையன்று, அது அவ்வீட்டுக்குக் காவல்.

இளைஞர்க்கு நான் கூறுவது இவ்வளவே. உங்கள் வண்டி எவ்வளவு விரைவாக ஓடும் என்று கேட்போர் பலர் இருப்பர். அவர்களுக்கு விடை கூற வேகமானியே போதும். எவ்வளவு மெதுவாக, எவ்வளவு உறுதியாக அது ஓடும் என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கடினமான இடத்தை முதலில் மனத்திற் கொண்டு, அதற்கு வேண்டிய பற்களை எண்ணி, பின்பு நெடுவீதியில் அது தாங்கத்தக்கதா என்று பாருங்கள். தாங்கத்தக்கதாயின் அதுவே உங்களுக்குரிய பற்சில்லு. தாங்காதெனின் ஒரு பல்லைத் திருப்பிக் கொடுங்கள். ஒரு பல்லே போதும். பிள்ளைகளுக்கு வண்டி வாங்கிக் கொடுக்கும் பெற்றோரும், வண்டியின் விலையையும் வேகத்தையும் விசாரிக்கும்போது, “தம்பி, இதைக் கொண்டு எந்தப் பாதையிற் போகப்போகிறாய்?” என்னும் வினாவையும் சேர்த்துக் கேட்டுவிடுவார்களாயின், பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.